மதினிக்கு டை அடித்த ஞாயிறு

என் தலையில் முதல் நரை முப்பத்தாறு வயதில் வந்தது. பிடுங்கி எறிந்தேன். பிடுங்கினால் ஒன்றுக்குப் பத்தாக வரும் என்று பயமுறுத்தினார்கள். பத்து அல்ல, ஒரு படையே வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை டை அடிக்காமல் நான் ஒரு மாதம் முழுதாக இருந்ததில்லை. இதில் எனக்கு வெட்கமும் கிடையாது, கொள்கையும் கிடையாது. நரைத்த தலைதான் அழகு என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அவரவர் தலை, அவரவர் இஷ்டம். என் தலை கறுப்பாக இருந்தால் எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மும்பை செம்பூரில் நான் இப்போது இருக்கும் கட்டிடத்தில் பெண்கள் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். பார்லருக்குப் போவது நல்லதா, வீட்டிலேயே அடித்துக்கொள்வது நல்லதா? ஒன்பது வருடம் வீட்டிலும் நாலு வருடம் பார்லரிலும் அடித்தவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சீனியாரிட்டி உண்டு. முன்பெல்லாம் சட்டென்று பார்லர் என்று சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. காரணம் என் மதினி.

மதினி எனக்குச் சொந்தம் இல்லை. தாராவியில் எங்கள் அறைக்கு எதிர் அறை அவளுடையது. அவள் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவள் மதினி ஆனாள். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம். அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். ரெடிமேட் துணி தைக்கும் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவள். காலர் தைப்பதில் அவளை அடிக்க அந்தப் பட்டறையில் ஆள் இல்லை. வாயும் அப்படித்தான், நேராகத் தைக்கும்.

தாராவியில் வீட்டில் டை அடிப்பது என்றால் வீட்டுக்குள் அடிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. பத்துக்குப் பத்து அறையில் அடுப்பும் கட்டிலும் படுத்திருக்கும் பிள்ளைகளும் போக மிச்சம் இருப்பது மூலையில் மோரி. பாத்திரம் கழுவவும் குளிக்கவும் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கட்டி ஒதுக்கிய இடம். அதற்குள் இரண்டு பேர் நின்றால் ஒருவர் முழங்கை மற்றவர் வாயில் இருக்கும். அதனால் டை வாசலில்தான். சந்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, நெற்றி ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி உட்கார வேண்டும். எங்கள் சந்தில் தண்ணீர் காலை ஐந்து மணிக்கு வந்து ஏழுக்குள் போய்விடும். குழைத்து அடித்து அரை மணி ஊறவைத்து அலச வேண்டும் என்பதால் எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். சந்தே குடத்தோடு நிற்கிற நேரம் அதுதான். யாருக்கு எவ்வளவு நரை என்பது எங்கள் சந்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நாலு ஞாயிற்றுக்கு ஒருமுறை மதினி எனக்கு அடிப்பாள், நான் அவளுக்கு அடிப்பேன். ஒரே டப்பாவில் குழைத்த டை, ஒரே பழைய பல் தேய்க்கும் பிரஷ். அவள் கை வேகம், என் கை நிதானம். "ஏட்டி, நீ அடிச்சு முடிக்கதுக்குள்ள எனக்குப் புதுசா நரைச்சிரும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் அதற்குச் சிரிப்போம்.

செம்பூருக்கு வந்த பிறகு எனக்கு இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் கிடைத்தது, தாழ்ப்பாள் போட்ட குளியலறை கிடைத்தது, அடித்துவிட ஆள்தான் கிடைக்கவில்லை. முன்பக்கம் கண்ணாடியைப் பார்த்து நானே அடித்துக்கொள்வேன். பின்பக்கம்? என் கணவரைக் கேட்டேன். மனிதர் மிகுந்த அக்கறையோடு என் காது, கழுத்து, பிளவுஸ், குளியலறைச் சுவர் எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டு முடியை விட்டுவிட்டார். மூன்று நாள் ஒற்றைக் காது கறுப்பாக ஆபீஸ் போய்வந்தேன். அப்புறம் என் மகள் சொன்னாள், மம்மி, பார்லர் போ. போனேன். நான் வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீஸ் மாட்டுங்காவில்; அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி, முதல் மாடியில், ஒரு லேடீஸ் பார்லர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஏசி, சாய்கிற நாற்காலி, கழுத்தில் துண்டு, முகம் தெரியாத ஒரு பெண்ணின் விரல்கள். கண்ணை மூடிக்கொண்டால் அரை மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. தாராவிக்குப் போகும்போதெல்லாம் இந்த பவுடர் டை எல்லாம் ஏன் மதினி, ஒருநாள் என்னோடு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அப்புறம் அண்ணன் போய்விட்டார். வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் மத்தியானம் நெஞ்சு வலி என்றாராம், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகி வெளியூரில். மதினி தனியானாள்.

அந்த ஒரு வருடத்தில் அவள் தலை முழுக்க வெளுத்தது. துக்கத்தில் வெளுத்துவிட்டது என்று பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டினார்கள். துக்கமாவது ஒன்றாவது. அந்தத் தலை பத்து வருடமாக வெள்ளைதான். கறுப்பெல்லாம் டையின் வேலை, அது நின்றுபோனதால் உள்ளே இருந்தது வெளியே வந்தது. டை அடிக்காதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே நடக்கிற காரியங்களில் அதுவும் ஒன்று. பொட்டு சின்னதாகும், பூ நிற்கும், டை நிற்கும்.

வருடத் திதி முடிந்து ஒரு வாரம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். பட்டறையில் புதிதாக வந்த மேஸ்திரி அவளை ஆஜி என்று கூப்பிடுகிறானாம். மராத்தியில் பாட்டி. கூப்பிட்டதோடு விடவில்லை, மெஷினில் இருந்து எழுப்பி, உட்கார்ந்து நூல் கத்தரிக்கிற வேலைக்குப் போட்டுவிட்டான். கண் தெரியாது, கை நடுங்கும் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

"அம்பத்திரெண்டு வயசுல ஆஜியாட்டி நான்?" என்றாள். "கண்ணாடியப் பாத்தா எனக்கே யாரோ வந்து நிக்க மாதிரி இருக்கு. எனக்கு என் மூஞ்சி வேணும்."

அடித்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். அவள் மேலே கையைக் காட்டினாள். மாடி அறையில் அவள் கணவரின் அண்ணன் குடும்பம். நாங்கள் எல்லாரும் பெரியண்ணாச்சி என்று கூப்பிடுவோம். தோல் பெல்ட் தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தம்பி போனபோது ஆஸ்பத்திரி, சுடுகாடு என்று ஓடியாடியவர் அவர்தான். ரேஷனுக்கு மதினியை வரிசையில் நிற்க விடாமல் அவரே வாங்கி வருவார். அந்த உரிமையில், இவள் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அவரே எடுத்துக்கொண்டார். மதினி டை பற்றி அவர் மனைவியிடம் ஜாடையாகக் கேட்டிருக்கிறாள். மறுநாள் பதில் படியிறங்கி வந்ததாம், இனிமேல் அதெல்லாம் என்னத்துக்கு என்று.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் எனக்கு உடனே ஒரு யோசனையும் வந்துவிடும். அது பெரும்பாலும் கோணலாகத்தான் இருக்கும். சனிக்கிழமை மாட்டுங்காவில் கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லுங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன், பார்லரில் அடித்துக்கொண்டு வந்துவிடலாம், எல்லாரும் பார்த்த பிறகு யார் என்ன செய்ய முடியும் என்றேன். மதினி யோசித்தாள். பொய் சொல்ல வேண்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் அவளைப் பேசியே சம்மதிக்க வைத்தேன்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள். தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழிய வைத்து, படிய வாரி, இறுக்கிப் பின்னிப்போட்டிருந்தாள். நெற்றி ஓரமெல்லாம் பளபள என்றிருந்தது. பார்லருக்கு எண்ணெய் வைக்காமல் வர வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி பரட்டைத் தலையோடு படி தாண்டுவாளா? எனக்கே நாலு வருடத்துக்கு முன்பு வரை அந்த வழக்கம்தான். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

பார்லர் பெண் மதினியின் பின்னலைத் தொட்டாள், விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்த எண்ணெயில் கலர் பிடிக்காது, நாளைக்கு வாருங்கள் என்று ஹிந்தியில் சொன்னாள். நாளைக்கு எந்த டாக்டர் இருக்கிறார்? கெஞ்சினேன். சரி என்று இரண்டு முறை ஷாம்பூ போட்டாள். போகவில்லை. மூன்றாவது முறையும் போட்டாள். அப்புறம் காய வைக்க ஒரு மெஷின். முக்கால் மணி நேரம் அதிலேயே போனது. மதினி நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். சாயச் சொன்னால் சாய மாட்டேன் என்கிறாள். தன் தலையை வேறொருத்தி கழுவுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு நிறம் பார்க்கச் சொல்லி ஒரு அட்டையை நீட்டினாள். அதில் முடிக்கற்றைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. இந்த வயதுக்குக் கறுப்பு அடித்தால் முகம் கடுமையாகத் தெரியும், லேசான பிரவுன் போடலாம் என்று அந்தப் பெண் நல்லதைத்தான் சொன்னாள். மதினி எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "கறுப்புன்னு சொல்லுட்டி. நான் பொறந்தப்ப என்ன இருந்துதோ அது" என்றாள்.

கலரைக் குழைத்து அடித்து முடித்தாள் அந்தப் பெண். பத்து நிமிடம் ஆகியிருக்கும். மதினியின் போன் அடித்தது. பெரியண்ணாச்சி. மதினி போனைக் காதில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டாள். கடைக்குச் சரக்குக் கொடுக்க மாட்டுங்காவுக்குத்தான் வந்திருக்கிறாராம். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னால் வந்து கூட்டிக்கொண்டு போகிறாராம். அவருக்கும் கொஞ்ச நாளாகக் கண் மங்கலாம், அப்படியே காட்டிவிடலாம் என்றார். குரலில் அவ்வளவு வாஞ்சை. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பதற்றம் வந்திருக்காது.

மதினி என்னவோ உளறினாள். டாக்டர் கிளம்பிவிட்டார், நாங்கள் பஸ்ஸில் ஏறப் போகிறோம் என்றாள். போனை வைத்ததும் கழுவு, கழுவு என்றாள். இன்னும் இருபத்தைந்து நிமிடம் வைக்க வேண்டும் என்று பார்லர் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நானும் சொன்னேன். மதினி கேட்கவில்லை. அந்தக் கறுப்பு அங்கியோடு எழுந்து போய்த் தானே தொட்டியில் தலையைக் குனிந்தாள்.

காய்ந்த பிறகு கண்ணாடியில் தெரிந்தது கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. பழைய ஆணியில் பிடிக்கிற துரு நிறம். உச்சியில் ஆரஞ்சு. பார்லர் பெண், உட்காருங்கள், சரி செய்துவிடலாம் என்றாள். மதினி அதற்குள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பஸ்ஸில் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். சந்து முனையில் பெரியண்ணாச்சி எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். மதினியின் முந்தானை எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியாது. அவர் பார்த்தார். கத்தவில்லை. கத்துகிற சுபாவமும் அவருக்கு இல்லை. நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, மெதுவாகத்தான் கேட்டார்.

"கண்ணு டாக்டரு இப்ப முடிக்கும் மருந்து போடுதாரோ?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். மதினி அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். கதவைச் சாத்தக்கூட இல்லை, என்னைப் பார்த்துத் திரும்பினாள். அவள் அப்படிப் பார்த்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அவிய சொன்னது எனக்கு வலிக்கலட்டி. இத்தன வருசம் வாசல்ல உக்காந்து அடிச்சவள நீ திருடி மாதிரி ஒளிச்சுக் கூட்டிட்டுப் போன. அதான் வலிக்கி. நான் என்னத்தத் திருடிட்டேன்?"

வீட்டுக்கு வந்து அழுதேன். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று கணவரிடம் சொன்னேன், மகளிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே எடுபடவில்லை. பெரியண்ணாச்சி அவளை வெள்ளைத் தலையோடு இருக்கச் சொன்னார். நான் அவளைக் கறுப்புத் தலையோடு ஒளியச் சொன்னேன். இரண்டு பேருமே அவளிடம் சரியாகக் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் அந்தத் துருத் தலையோடுதான் பட்டறைக்குப் போனாள் என்று பிறகு தெரிந்தது. முந்தானை போட்டுக்கொள்ளவில்லையாம். வெள்ளிக்கிழமை போன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு வா என்றாள். பாக்கெட் வாங்கியாகிவிட்டது, காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவியும் பார்த்துவிட்டாளாம், அரிப்பு இல்லை. எண்ணெய் வைக்கவில்லை என்று அவளே சேர்த்துச் சொன்னாள். நான் மறுபடி என் புத்தியைக் காட்டினேன். செம்பூருக்கு வந்துவிடுங்கள் மதினி, இங்கே தண்ணீர் எப்போதும் வருகிறது, கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக அடிக்கலாம் என்றேன்.

"கதவச் சாத்திட்டு அடிக்கணும்னா எனக்கு டையே வேண்டாம்" என்றாள். "உனக்குப் பயமா இருந்தா வராத. பக்கத்து வீட்டுக்காரியக் கூப்பிட்டுக்கிடுதேன்."

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரிக்கு விட்டுக்கொடுக்கிற அளவுக்கு இல்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துச் சயானில் இறங்கி நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது சந்தில் குடங்கள் வரிசை போட்டிருந்தன. மதினி வாசலில் ஸ்டூலில் பழைய நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் டை குழைத்துத் தயாராக இருந்தது. பிரஷ்ஷை நீட்டினாள்.

குடம் பிடிக்க நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி வாயைத் திறந்தாள், மதினி அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். நான் உச்சியில் வகிடு எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். நாலு வருடமாகப் பிரஷ்ஷைத் தொடாத கை. துரு நிறத்தின் மேல் டை ஏறுவதைப் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் தைரியம் வந்தது. வலது பக்கம் முடித்து இடது பக்கம் போகும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பெரியண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு கீழே வந்தார். கடைசிப் படியில் நின்றுவிட்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"புருசன் போன வீட்டுல யாருக்குக் காட்ட இதெல்லாம்?"

என் கை அந்தரத்தில் நின்றது. மதினி தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் நெற்றியில் டை வழியும். நேராகப் பார்த்தபடியே பேசினாள். குரல் உயரவில்லை.

"அத்தான், ரெண்டு வாரத்துக்கு முந்தி நீங்க இதே எடத்துல உக்காந்து தலைக்கும் மீசைக்கும் டை அடிச்சிய. நான் ஒண்ணும் கேக்கல. செத்தது எனக்குப் புருசன்னா ஒங்களுக்குத் தம்பி. ஒரே வயித்துல பொறந்த தம்பி. துக்கம் என் தலைக்கு மட்டுந்தானா?"

நான் அப்போதுதான் அவர் தலையைப் பார்த்தேன். வாசல் பல்பு வெளிச்சத்தில் கன்னங்கரேல் என்றிருந்தது. மீசையும் அப்படியே. அறுபதை நெருங்குகிற மனிதர். இருபது வருடமாக எதிரே பார்த்துக்கொண்டிருந்த தலை, அதில் டை இருக்கிறது என்பது எனக்கு ஒருநாளும் ஒரு விஷயமாகப் பட்டதில்லை. தம்பி செத்துப் பதினாறு கழிந்ததும் அவர் அடித்துக்கொண்டபோது சந்தில் யாரும் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். கோபக்காரி என்று பெயரெடுத்த நானும்தான்.

அவர் கை அவர் மீசைக்குப் போனது, பாதி வழியில் இறங்கியது. திரும்பிப் படியேறிப் போனார்.

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அது கொஞ்ச நேரம்தான். மேலே இருந்து டக் என்று ஒரு சத்தம். உறுமிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. மதினி வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் சேர்த்து ஒரே மோட்டார்தான். அண்ணன் தம்பி ஒன்றாக இருந்த காலத்தில் போட்டது. அதன் ஸ்விட்ச் மாடியில். மோட்டார் இல்லாமல் அந்தக் குழாயில் ஒரு சொம்பு நிறைவதற்கே கால் மணி ஆகும். மோரிக் குழாயில் தண்ணீர் நூலாக இளைத்துச் சொட்டாக மாறியதை வாசலில் இருந்தே பார்த்தேன்.

மதினியின் தலை முழுக்க டை. அலசாமல் விட்டால் மண்டைத் தோல் வெந்துபோகும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு மாடிப்படியைப் பார்த்துப் போனேன். இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்றுதான் போனேன். மதினி என் நைந்த சுடிதார் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற? பின்னால பாதி கெடக்கு."

"தண்ணிய நிறுத்திட்டாவ மதினி. எப்பிடி அலசுவிய?"

"நேத்து வந்த தண்ணியில நான் குளிக்கல, துணி தொவைக்கல. ரெண்டு டிரம் நெறச்சு உள்ள வச்சிருக்கேன்" என்றாள். "அவிய நிறுத்துவாவன்னு எனக்குத் தெரியாதாட்டி? நீ அடி."

நான் அவளைப் பார்த்தேன். அவள் இன்னமும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய மனமும் மாறும் என்று அவள் ஒரு நிமிடம்கூட எதிர்பார்த்திருக்கவில்லை. மாறாவிட்டாலும் நடக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கு வேண்டியதைப் பிடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் என் கோபத்தோடு மட்டும் வந்திருந்தேன். போட்ட பிரஷ்ஷைத் திரும்ப எடுத்தேன்.

பின்பக்கம் அடித்து முடித்தேன். அரை மணி நேரம் உள்ளே போகலாம் என்றேன், வரவில்லை. தலையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். குடத்தோடு போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பட்டறையில் மெஷினைத் திரும்பக் கேட்கப் போவதாகச் சொன்னாள், கொடுக்காவிட்டால் காலர் தைக்க வேறு பட்டறை இருக்கிறது என்றும் சொன்னாள். மாடியில் ஜன்னல் ஒருமுறை திறந்து மூடியது. நாங்கள் இருவரும் மேலே பார்க்கவில்லை.

நேரம் ஆனதும் நான் உள்ளே போய் டிரம்மில் இருந்து ஒரு வாளி மொண்டு மோரியில் வைத்தேன். வெளியே வந்து, வாருங்கள் மதினி, அலசலாம் என்றேன். அவள் ஸ்டூலை விட்டு எழவில்லை. பாலிதீன் பையை அவிழ்த்தாள், நைட்டிக் கழுத்தை மடித்துக்கொண்டு தலையைச் சந்தைப் பார்த்துக் குனிந்தாள்.

"உள்ள என்னத்துக்கு? வாளிய இங்கன கொண்டா. இங்கனயே ஊத்து."

கொண்டுவந்தேன். ஊற்றினேன்.